புளியறை நண்பர்

அத்தானோடு கடைத்தெருவுக்குப் போவதைப் போல அலுப்பான வேலை எனக்கு வேறு எதுவும் இருந்ததில்லை. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தென்காசியில் கோயில் வாசல் பக்கம் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்தார். பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடம் பேசுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து கடைக்கு ரொம்பத் தூரமில்லை. மற்றவர்கள் ஒரு பாட்டைக் கேட்டு முடிப்பதற்குள் போய்விடுவார்கள். அத்தானுக்கு அது ஒரு காலைப் பொழுது.

முதலில் பூக்கடையில் நிற்பார். "மகளுக்கு எங்கயாவது அமஞ்சுதா?" அடுத்து ஜெராக்ஸ் கடை. அதற்கடுத்து ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி. அவரிடம் மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பேச்சு. பழக்கடையில் வாங்கப்போகாத பழத்துக்கெல்லாம் விலை கேட்பார். பேச ஆளே கிடைக்காத இடத்தில் இரங்கல் சுவரொட்டியின் முன்னால் நின்று, இறந்தவரின் பேரன் பேத்திகள் பெயர் வரை வாசிப்பார். பழக்கத்துக்கு அண்ணாச்சியை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஊரே சொல்லும்.

"அத்தான், வர்ற எலெக்ஷன்ல நிக்கப் போறீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நிக்கதுதானே கொழுந்தியா நம்ம தொழிலே" என்றார், அங்கேயும் நின்றுகொண்டு.

பேச்சுக்குப் பஞ்சமில்லாத அந்த மனிதரின் வாயிலிருந்து ஒரே ஒரு செய்தி மட்டும் வெளியே வராது. தனக்கு எங்காவது வலிக்கிறது என்கிற செய்தி. கடை ஷட்டரை இழுக்கும்போது விரல் நசுங்கிவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கல்யாண வீட்டாருக்குச் சீர்வரிசைக் குடம் காட்டிக்கொண்டிருந்தார். துண்டு சிவந்த பிறகுதான் பெண் வீட்டார் அலறினார்கள். "ஒண்ணுமில்ல, நீங்க குடத்தப் பாருங்க" என்றாராம். பல் பிடுங்கி, வாய் நிறையப் பஞ்சோடு வீட்டுக்கு வந்தவரிடம் வலிக்கிறதா என்று கேட்டால் "ஒம்மில்ல" என்று பதில் வந்தது. மகள் கல்யாணத்தன்று சிறுநீரகக் கல் புரட்டி எடுத்திருக்கிறது. மணவறையில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுத்தார். ஆல்பத்தில் எல்லாப் பக்கத்திலும் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறார்.

"வலின்னு ஒரு சொல்லு இருக்கதே உங்க அத்தானுக்குத் தெரியாதுட்டி" என்பாள் அக்கா. அதில் பெருமை பாதி, எரிச்சல் பாதி.

குற்றாலத்தில் சீசன் நடந்துகொண்டிருந்த சமயம், சென்னையிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் இலஞ்சி போஸ்டாபீசில் வேலை பார்க்கிறேன். லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். சாரல் முகத்தில் அடிக்க, பேரருவிக்கு எல்லோரும் விறுவிறுவென்று நடந்தோம். அத்தான் நேந்திரங்காய் சிப்ஸ் கடையில் நின்றார். மங்குஸ்தான் வண்டியில் நின்றார். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளிடம், கடுகெண்ணெய் நல்லதா நல்லெண்ணெய் நல்லதா என்று நின்று விவாதித்தார். நாங்கள் குளித்து முடித்துத் தலை துவட்டும்போதுதான் அருவிக்குள் நுழைந்தார். நுழைந்த வேகத்தில் வெளியே வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மார்பின் மேல் துண்டை அமுக்கிப் பிடித்தபடி நின்றார்.

"தண்ணி ரொம்பக் குளிருதோ அத்தான்?"

"ஒண்ணுமில்ல. துண்டு நழுவிச்சு."

அன்றைக்குப் பாறையில் உரசி அவருடைய இடதுகால் விரல் ஒன்றில் லேசான காயம். அதையும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சீசன் முடிந்து, உறவுக்காரர்கள் ஊர் போய், அவர்கள் வாங்கிப்போன சிப்ஸும் தீர்ந்திருக்கும். அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, உங்க அத்தான் வீட்டுக்குள்ள சாக்ஸ் போட்டுக்கிட்டு அலையுதாரு. குளிக்கப் போம்போதுதான் கழத்துதாரு. மூள கீள கலங்கிட்டோ?"

நான் போய், கொழுந்தியாளுக்கு உள்ள உரிமையில் காலைப் பிடித்துச் சாக்ஸை உருவினேன். விரல் கறுத்துப்போயிருந்தது. பாதம் சில்லென்று இருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் அத்தான், சாக்ஸுக்குக் கையை நீட்டியபடி.

திருநெல்வேலியில் இரத்தக்குழாய் ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டரிடம் அத்தானை அவர் மகனும் நானுமாகக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் இரண்டு பாதங்களிலும், முழங்காலுக்குப் பின்னாலும், தொடை இடுக்கிலும் விரலை வைத்து நாடி தேடினார். எங்கேயும் சரியாகக் கிடைக்கவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெஞ்சுல இருந்து வயித்துக்குள்ள இறங்கி வர்ற பெரிய ரத்தக்குழாய், தொப்புள் பக்கத்துல ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு காலுக்கும் போகும். உங்களுக்கு அந்தப் பிரியுற இடமே அடைச்சிருக்கு. கொஞ்ச தூரம் நடந்தா காலு இறுக்கிப் பிடிக்குமே? நின்னா விட்டிரும். அப்புறம் நடந்தா மறுபடி பிடிக்கும். இல்லியா?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் மின்விசிறியைப் பார்த்தார்.

"பிடிக்கும்னு சொல்ல முடியாது டாக்டர். பேச ஆளு கிடச்சா நின்னுக்கிடுவோம்."

பூக்கடையும் ஜெராக்ஸ் கடையும் ஏடிஎம் காவலாளியும் எனக்குக் கண்முன்னால் வரிசையாக வந்து போனார்கள். இத்தனை வருஷமாக ஊர் மெச்சிய பழக்கவழக்கமெல்லாம் கால் வலிக்கு அவர் போட்டு வைத்திருந்த திரை. நொண்டுகிறவன் என்று பெயர் வாங்குவதைவிட வாயாடி என்று பெயர் வாங்குவது மேல் என்று தீர்மானித்திருக்கிறார். அதற்காக அவர் விசாரிப்பெல்லாம் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. பூக்காரியின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்ததே இவர்தான். நிற்கிறபோது சும்மா நிற்கத் தெரியாது, அவ்வளவுதான்.

கம்பியும் பலூனும் விட்டுச் சரிசெய்கிற அடைப்பு அல்ல, வயிற்றைத் திறந்து, அடைப்புக்கு மேலேயிருந்து இரண்டு தொடைக்கும் செயற்கைக் குழாய் வைத்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். செய்யாவிட்டால் விரலோடு நிற்காது, பாதம் போகும், பிறகு காலே போகும். "ஆனா பெரிய ஆபரேஷன். நெஞ்சு தாங்குமான்னு முதல்ல பார்க்கணும்."

"ஒரு இசிஜி எடுத்துட்டா ஆச்சுல்ல சார்?" என்றான் மகன்.

"காலுக்குப் போற குழாய இவ்வளவு அடைச்சது, நெஞ்சுக்குப் போற குழாய மட்டும் சும்மா விட்டிருக்கும்னு நினைக்கீங்களா?" என்றார் அவர். தென்காசியிலேயே ஓர் இதய டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அந்த டாக்டர் செங்கோட்டைப் பக்கத்துப் பெண். சின்ன வயசு. பேச்சில் அவசரமே இல்லை. அத்தான் உடம்பில் ஒயர் மாட்டுவதைப் பார்க்க முடியாது என்று அக்கா வெளியில் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே போனேன்.

"நெஞ்சு வலி, நெஞ்சு கனம் ஏதாவது உண்டுமா?"

"ஒண்ணுமில்ல."

"மூச்சு வாங்குமா?"

"ஒண்ணுமில்ல."

"மாடிப்படி நிக்காம ஏறுவீங்களா?"

"நிக்காம ஏறுததுக்கு நாம என்ன லிப்டா டாக்டர்?"

இசிஜி சுத்தமாக வந்தது. அத்தான் பரீட்சையில் தேறியவர் போல என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். டாக்டர் எழுந்து, "வாங்க, இந்த வராந்தாவுல என்கூட ஒரு நடை நடப்போம். பேசக் கூடாது, நிக்கக் கூடாது" என்றார். இரண்டும் கூடாது என்றால் அத்தானிடம் என்ன மிஞ்சும்? பாதி தூரம் போனார். முகம் மாறியது. சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த ஒரு படத்தைக் கவனமாக வாசிக்க ஆரம்பித்தார்.

டாக்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். "படிச்சு முடிச்சிட்டீங்களா அண்ணாச்சி? அது மாசமா இருக்கவங்க என்ன சாப்பிடணும்னு போட்டிருக்கு."

பிறகு எனக்கு விளக்கினார். நெஞ்சுக்கு வேலை வைக்கிற அளவுக்கு இவர் நடப்பதே இல்லை. அதற்கு முன்பே கால் நிறுத்திவிடுகிறது. அதனால் நெஞ்சில் குறை இருந்தாலும் வெளியே தெரிய வழியில்லை. ஆபரேஷனிலும் அதன் பிறகும் நெஞ்சு ஓடுகிற ஓட்டத்தில்தான் தெரியவரும். அப்போது தெரிந்து பிரயோசனமில்லை. இப்போதே படுக்க வைத்து, நரம்பு வழியாக ஒரு மருந்தை ஏற்றி, நெஞ்சை ஓடவிட்டுப் பார்த்துவிடலாம்.

அந்தச் சோதனையின்போது நானும் இருந்தேன். படுத்திருக்கிற மனிதருக்கு நிற்க இடமேது? மருந்து ஏற ஏற நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்கக் கேட்க, "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில். குரல் மட்டும் ஒவ்வொரு முறையும் மெலிந்துகொண்டே வந்தது. திரையில் துடித்துக்கொண்டிருந்த நெஞ்சின் ஒரு பக்கச் சுவர், மற்ற இடமெல்லாம் சுருங்கும்போது கூடச் சுருங்காமல் சோம்பிக் கிடந்தது. எனக்கே தெரிந்தது. டாக்டர் மருந்தை நிறுத்தினார்.

"உங்க நெஞ்சு சொல்லிட்டு அண்ணாச்சி. நீங்கதான் சொல்ல மாட்டேங்கீங்க."

அன்றைக்கு வீடு வரும் வழியில் அத்தான் ஒருவரிடமும் பேசவில்லை. காரில் வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நெஞ்சுக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்கிற கம்பிவலையை வைத்துவிட்டு உடனே கால் ஆபரேஷனைச் செய்துவிடலாமே என்றான் மகன். இதய டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஸ்டென்ட் வைத்தால் இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். நிறுத்தாமல் வயிற்றைத் திறந்தால் இரத்தம் கட்டுக்குள் நிற்காது. கறுத்த விரல் அத்தனை மாதம் பொறுக்காது. திரையில் பார்த்த குறையும் பெரிய இடமில்லை. ஆகவே சில வாரம் மருந்தாலேயே நெஞ்சைத் தயார் செய்வோம். நெஞ்சின் வேகத்தைக் குறைக்கிற மாத்திரையைச் சின்ன அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். கொழுப்புக்கு ஒன்று. ஆஸ்பிரினை ஆபரேஷன் நாளன்றும் நிறுத்த வேண்டாம். நெஞ்சு கனத்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒன்று. சிகரெட் கூடவே கூடாது.

கடைசியாக அத்தான் பக்கம் திரும்பினார். "இந்த மாத்திரை அளவு கூடிட்டா எந்திரிக்கும்போது தலை சுத்தும். குறைஞ்சா நெஞ்சு கனக்கும். எதுன்னு நீங்க சொன்னாத்தான் நான் ஏத்தவோ இறக்கவோ முடியும். நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னா, நான் கண்ண மூடிட்டு வைத்தியம் பார்க்க மாதிரிதான்."

அத்தான் தலையை ஆட்டினார். நான் நம்பவில்லை.

அடுத்த தடவை போனபோது டாக்டர் வழக்கம்போல் கேட்டார். அத்தான் வழக்கம்போல் "ஒண்ணுமில்ல" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். மேஜையில் இருந்த காகிதங்கள் விசிறிக் காற்றில் படபடத்தன. அத்தான் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். புளியறையில எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கான். அவனுக்குத்தான் சாப்பிட்டு முடிச்ச உடனே எந்திரிச்சு நடந்தா நெஞ்சுல ஒரு மூட்டய வச்ச மாதிரி இருக்காம்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. டாக்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அப்படியா? எவ்வளவு நேரம் இருக்காம்?"

"கொஞ்ச நேரந்தான். உக்காந்தா போயிருதாம்."

"குளிக்கும்போது?"

"பச்சத் தண்ணி ஊத்தினா பிடிக்காம். குற்றாலத்துல ஒருநாள் நல்லாப் பிடிச்சிட்டாம்."

"உங்க சிநேகிதருக்கு நான் மாத்திரைய அரை கூட்டித் தர்றேன். பார்த்துச் சொல்லச் சொல்லுங்க."

அப்படித்தான் அந்தப் புளியறை நண்பர் பிறந்தார். பிறந்த நாள் முதல் அவர் ஓயவில்லை. அத்தான் தன்னைப் பற்றி எத்தனை கஞ்சமோ, நண்பரைப் பற்றி அத்தனை தாராளம். புளியறைக்காரர் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் கண் இருட்டுகிறதாம். டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். புளியறைக்காரருக்கு இரண்டு நாளாக நெஞ்சு பரவாயில்லையாம். டாக்டர் சந்தோஷப்பட்டார். ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் பய நேத்து ஒரு சிகரெட் குடிச்சிட்டான் டாக்டர்" என்றார் அத்தான்.

"அவர்ட்ட சொல்லுங்க. இன்னொன்னு குடிச்சா நான் வைத்தியத்த நிறுத்திட்டு, அவர் பொண்டாட்டிட்ட போய்ச் சொல்லிருவேன்னு."

"சொல்லுதேன் டாக்டர். நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுதேன்."

வீட்டில்தான் சிக்கல். நெஞ்சில் குறை இருப்பதை அக்காவிடம் சொல்ல அத்தான் விடவில்லை, மாத்திரையெல்லாம் காலுக்கு என்றே அவள் நினைத்திருந்தாள். நண்பரைப் பற்றி வாய் தவறி ஒருநாள் அக்காவிடமும் சொல்லிவிட்டார். அக்கா அதை அப்படியே நம்பினாள். அவளுக்கு ஏற்கனவே அத்தான் கால் கவலை. இப்போது அதற்கு மேல் புளியறைக்காரர் நெஞ்சுக் கவலையும் சேர்ந்துகொண்டது. "பாவம், அவுகளுக்கு ஆக்கிப்போட ஆளு இருக்கா?" என்பாள். "உப்பக் கொறைக்கச் சொல்லுங்க" என்பாள். செவ்வாய்க்கிழமைதோறும் இலஞ்சி முருகன் கோயிலுக்கு வந்து அர்ச்சனை செய்கிறவள், நண்பர் பேருக்கும் ஒன்று செய்யப் போகிறேன், பேரென்ன, நட்சத்திரமென்ன என்று நச்சரித்தாள்.

"பேரு எதுக்கு? புளியறைன்னு சொல்லு, முருகனுக்குத் தெரியும்" என்றார் அத்தான்.

"நட்சத்திரமாவது சொல்லுங்க."

யோசித்துப் பார்த்துவிட்டுத் தன் நட்சத்திரத்தையே சொன்னார். "ரெண்டு பேருக்கும் ஒரே நட்சத்திரம். அதான் சிநேகிதம்." அக்கா இரண்டு தேங்காய் உடைத்தாள். நான் பக்கத்தில் நின்று இரண்டு திருநீற்றையும் வாங்கிக்கொண்டேன்.

விளையாட்டாகவே போய்க்கொண்டிருந்த அந்தக் கதை ஒரு வாரத்தில் விளையாட்டில்லாமல் போனது. காலில் கட்டுப்போட வந்த நர்ஸ், கறுப்பு விரலிலிருந்து பக்கத்து விரலுக்கு ஏறுகிறது என்றாள். திருநெல்வேலி டாக்டர், இனி தள்ள வேண்டாம், உடனே வந்து சேருங்கள் என்றார். இதய டாக்டர் கையெழுத்துப் போட்டால் போய்விடலாம். மகன் பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டான்.

இதய டாக்டர் அறையில் அத்தான், மகன், நான் மூவரும் உட்கார்ந்தோம். அவர் நாடியைப் பார்த்தார், இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். "ரெண்டும் நல்லா இருக்கு. ஒரே ஒரு கேள்விதான். இந்த ரெண்டு மூணு நாள்ல உங்க சிநேகிதருக்கு நெஞ்சு கனத்துச்சா? இல்லன்னா நாளைக்கே போகலாம். இருந்துச்சுன்னா கொஞ்ச நாள் தள்ளணும். தள்ளினா அந்தப் பக்கத்து விரலையும் காப்பாத்த முடியாமப் போகலாம். அதையும் சொல்லிடறேன்."

மகன் அவசரமாக, "ஒண்ணும் இல்ல டாக்டர், அப்பா நல்லாத்தான் இருக்காங்க" என்றான்.

அத்தான் தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாழ்நாள் முழுதும் சொல்லிப் பழகிய அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், காரியம் முடிந்துவிடும். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

"நேத்து மத்தியானம் புளியறைக்காரனுக்கு வந்துட்டு டாக்டர். சும்மா கை கழுவப் போனான். நாக்குக்கு அடியில மாத்திர வச்சான். ஒண்ணு வச்சும் கேக்கல. ரெண்டாவது வச்ச பொறவுதான் விட்டுது."

மகன் திகைத்து அப்பாவைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு நண்பர் யாரென்று விளங்கியது.

ஆபரேஷன் தள்ளிப்போனது. டாக்டர் அத்தானை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டு, மருந்தை மாற்றி, நாடியை மணிக்கு ஒருதரம் பார்த்து, ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். புளியறைக்காரருக்கு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்று அத்தான் சொன்ன பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அதற்குள் இரண்டு விரல்களும் செத்துவிட்டன. ஆபரேஷனிலேயே எடுத்துவிட்டார்கள். பாதம் பிழைத்தது. மறுநாள் இரத்தப் பரிசோதனையில் நெஞ்சு கொஞ்சம் சிணுங்கியிருப்பது தெரிந்தது, பயப்படும்படி இல்லை, மருந்து தாங்கிப் பிடித்திருக்கிறது என்றார்கள். முதலில் சொன்ன நாளிலேயே செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகன் கேட்டான். டாக்டர், "அது நமக்குத் தெரியாமலே இருக்கட்டும்" என்றார்.

போர்வையை விலக்கி அத்தானின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

ஊர் திரும்பிய பிறகு ஒரு வேடிக்கை. கால் சரியாகி, கைத்தடி போய், அத்தான் வீட்டிலிருந்து கடைக்கு ஒரே மூச்சில் நடக்க ஆரம்பித்தார். நடக்க முடிகிற சந்தோஷத்தில் ஒருவரையும் கவனிப்பதில்லை. பூக்காரி என்னை நிறுத்திக் கேட்டாள்: "அண்ணாச்சிக்கு எங்க மேல என்ன கோவம்? மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறாக." நான் என்னவென்று சொல்வது?

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, இனிப் பயமில்லை என்பதால் அக்காவும் துணிந்து உள்ளே வந்தாள். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் சிரித்தபடி கேட்டார். "உங்க புளியறை சிநேகிதர் எப்படி இருக்காரு?"

அத்தானும் உற்சாகத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "அவன் போய்ச் சேந்துட்டான் டாக்டர். இனும வர மாட்டான்."

"ஐயோ!" என்று அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "எப்பம்? எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். வெகுநேரம் தேடினார்.

துட்டி கேட்கப் போகாமல், ஒரு வார்த்தை துக்கம் விசாரிக்காமல் இருப்பது மனுஷத்தனமா என்று அக்கா வீட்டில் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஒரே நட்சத்திரக்காரர் போய்விட்டார், அந்த வீட்டு வாசலில் போய் நாம் நிற்க வேண்டாமா? அத்தான் இன்றைக்கு நாள் சரியில்லை என்றார், கால் வீங்குகிறது என்றார். கால் வீங்குகிறது என்று அவரே சொன்னதும் அது பொய் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாலை வாங்கி, கார் பிடித்து, என்னையும் ஏற்றிக்கொண்டாள். எவ்வளவு தூரம்தான் இந்த மனிதர் வாயைத் திறக்காமல் வருகிறார் என்று பார்ப்போம் என்று நானும் ஏறினேன்.

செங்கோட்டை தாண்டியது. முன்சீட்டில் அத்தான் டிரைவரிடம்கூடப் பேசவில்லை. மலை பக்கத்தில் வந்தது. கேரள எல்லையை ஒட்டிய புளியறைச் சோதனைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. "எந்தத் தெரு?" என்றாள் அக்கா. அத்தான் லாரிகளைப் பார்த்தார். அக்கா தானே இறங்கி, சாலையோர டீக்கடைக்காரரிடம் போனாள்.

"இங்கன ஒரு அண்ணாச்சி, நெஞ்சுவலிக்காரரு, கொஞ்ச நாளைக்கு முன்னால தவறிட்டாகளாம். வீடு எங்கன இருக்கு?"

"இங்கன ஆரும் மரிக்கலியே அக்கா. ஆளு பேரு என்னா?"

அக்கா திரும்பினாள். "பேரு என்னங்க?"

அத்தான் காரை விட்டு இறங்கி வந்தார். பெஞ்சைக் காட்டி, "ஏளா, கொஞ்சம் உக்காரு" என்றார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்படி ஒரு ஆளு இல்ல."

"இல்லன்னா?"

"நெஞ்சு கனத்தது எனக்கு. தல சுத்தினது எனக்கு. சிகரெட்டும் நான்தான்."

அக்கா விளங்காதவள் போல் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமா?"

நான் தலையசைத்தேன்.

"டாக்டருக்கு? மகனுக்கு?"

நான் கீழே பார்த்தேன்.

"அப்பம் எனக்கு மட்டுந்தான் தெரியாது."

"ஒங்கிட்டச் சொன்னா நீ பயப்படுவ" என்றார் அத்தான்.

"ஆமா, பயப்படுவேன். பயப்படத்தானே நான் இருக்கேன்?" என்றாள் அக்கா. "எவனோ ஒருத்தன்னு நெனச்சே அத்தன பயந்தேன். விழுந்து விழுந்து வேண்டிக்கிட்டேன். அந்தப் பயத்த உங்களுக்குன்னு பயப்பட எனக்கு விட்டியளா?"

டீக்கடைக்காரர் கேட்காமலே மூன்று டீயை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். டீயில் ஆடை படிந்தது. ஒரு லாரி கிளம்பிப் போனது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு, யாரும் கேட்காமலே அவர் சொன்னார்.

"இப்பவும் வலிக்கு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்கன?"

அவர் அவள் கையை எடுத்து, சட்டைக்கு மேலாக, வயிற்றில் தையல் ஓடிய இடத்தில் வைத்தார்.

"இங்கன. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல."

அக்கா கையை எடுக்கவில்லை.